நாள் தள்ளிப்போகிறதா, முந்தி வருகிறதா? மாதவிடாய் ஒழுங்கின்மையைப் புரிந்துகொள்ள ஒரு முழு வழிகாட்டி

காரைக்குடிப் பக்கம் பெண்கள் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் வரும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப தலைக்குக் குளிச்சீங்க?" என்பதுதான். கேட்டவுடன் பலர் யோசனையில் விழுந்துவிடுவார்கள். "பிள்ளையார்பட்டித் தேர் அன்னைக்கு... இல்லல்ல, அதுக்கு முந்தின வாரம்." கூட வந்த அம்மா ஒரு தேதி சொல்வார், மகள் வேறொரு தேதி சொல்வாள். டாக்டர் குத்துமதிப்பாக ஒன்றை எழுதிக்கொள்வார். ஸ்கேனில் தெரிவதற்கு அர்த்தம் சொல்வதும், சில ஹார்மோன் சோதனைகளை எந்த நாளில் எடுப்பது என்று முடிவு செய்வதும் அந்தத் தேதியை வைத்துத்தான்.

முன்பு பெரிய வீடுகளில் 'தூரம்' என்றால் பின்கட்டில் ஓரமாக உட்கார வேண்டும். அந்த வழக்கம் ஒழிந்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அந்த நாளில் வீட்டு ஆச்சிக்கோ அப்பத்தாவுக்கோ யாருக்கு எப்போது வந்தது, யாருக்குத் தள்ளிப்போகிறது என்ற கணக்கு விரல் நுனியில் இருக்கும். இன்று அந்தக் கணக்கு வீட்டில் யாரிடமும் இல்லை, பல நேரம் உரியவளிடமே இல்லை. வேறொருவர் வைத்திருந்த கணக்கு இனி நம் கையில் இருக்க வேண்டும். ஒழுங்கின்மையைப் புரிந்துகொள்வது அங்கேதான் தொடங்குகிறது.

முதல் படி: எழுதுங்கள்

செல்போனில் இதற்கென்று செயலிகள் உண்டு. நாள்காட்டித் தாளில் பேனாவால் ஒரு வட்டம் போட்டாலும் போதும். எழுத வேண்டிய தேதி, உதிரம் பட ஆரம்பித்த முதல் நாள். தலைக்குக் குளித்த நாள் அல்ல. நம் வீடுகளில் மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோதான் குளிப்பது வழக்கம், அதைச் சொன்னால் கணக்கு முழுக்க நகர்ந்துவிடும். ஒரு முதல் நாளிலிருந்து அடுத்த முதல் நாளுக்கு முந்தைய நாள் வரை ஒரு சுழற்சி.

"இந்த மாசம் ரெண்டு தடவை வந்துருச்சு" என்று பதறி வருபவர்களில் ஒரு பகுதியினருக்கு ஒன்றுமே இருக்காது. ஜனவரி 2ஆம் தேதி வந்து மறுபடி ஜனவரி 30ஆம் தேதி வந்தால் அது 28 நாள். மாதத்துக்கு 31 நாள் இருப்பது நாள்காட்டியின் கணக்கு, கர்ப்பப்பைக்கு அது தெரியாது. அதேபோல, "ஒவ்வொரு மாசமும் தேதி முன்னால வந்துக்கிட்டே இருக்கு" என்பதும் 28 நாள் சுழற்சி உள்ளவர்களுக்கு இயல்பு.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒருவருக்கு ஜனவரி 4, பிப்ரவரி 3, மார்ச் 1, ஏப்ரல் 3, மே 1, ஜூன் 2 என்று வந்திருக்கிறது. இடைவெளி 30, 26, 33, 28, 32 நாட்கள். தேதி தாறுமாறாகத் தெரிகிறது. ஆனால் மிகக் குறைந்ததுக்கும் மிகக் கூடியதுக்கும் வித்தியாசம் 7 நாள்தான். இது ஒழுங்கான சுழற்சி. இன்னொருவருக்கு ஜனவரி 4, பிப்ரவரி 20, மார்ச் 15, மே 20. இடைவெளி 47, 23, 66. இவர் டாக்டரைப் பார்க்க வேண்டும்.

தேதியோடு எத்தனை நாள் போனது, ஒரு நாளைக்கு எத்தனை நாப்கின் மாற்றினீர்கள், கட்டி விழுந்ததா, இடையில் கறை பட்டதா, வலி எப்படி என்று ஒவ்வொரு சொல் எழுதினால் போதும். மூன்று மாதக் கணக்கு கையில் இருந்தால் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்த மாதிரி. அதற்காக மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம். கீழே சொல்லப்போகும் அபாய அறிகுறி இருந்தால் நோட்டும் வேண்டாம், பேனாவும் வேண்டாம்.

இரண்டாம் படி: உங்கள் வயதுக்கு எது இயல்பு என்று பாருங்கள்

இருபதுக்கும் நாற்பதுக்கும் இடைப்பட்ட வயதில் 24 முதல் 38 நாளுக்குள் ஒரு முறை வருவதும், 8 நாளுக்குள் நின்றுவிடுவதும் இயல்பு. மிகக் குறைந்த இடைவெளிக்கும் மிகக் கூடியதுக்கும் உள்ள வித்தியாசம் 7 முதல் 9 நாள் வரை இருக்கலாம். 28 நாள் என்பது சராசரி, விதியில்லை.

பெரியமனுஷியான பிள்ளைகளுக்குக் கணக்கே வேறு. சடங்கு வைத்து, தாய்மாமன் சீர் வந்து, ஊரெல்லாம் சாப்பிட்டுப் போன பிறகு இரண்டு மாதம் ஒன்றும் வராது. வீட்டில் கிசுகிசுப்பு ஆரம்பித்துவிடும். பயப்பட ஒன்றுமில்லை. மூளையும் சினைப்பையும் ஒன்றுக்கொன்று சேதி அனுப்பப் பழகக் காலம் எடுக்கும். முதல் ஒரு வருடம் முன்பின்னாக வருவது சகஜம். அதற்கடுத்த இரண்டு வருடமும் 21 முதல் 45 நாள் இடைவெளி இருக்கலாம். ஆனால் முதல் வருடம் கடந்த பிறகு ஒரே ஒரு இடைவெளி 90 நாளைத் தாண்டினாலும் காட்டிவிட வேண்டும். 15 வயது முடிந்தும் வயதுக்கு வரவில்லை என்றாலும், 13 வயதாகியும் மார்பு வளர்ச்சியே தொடங்கவில்லை என்றாலும், மார்பு வளர ஆரம்பித்து மூன்று வருடம் ஆகியும் வரவில்லை என்றாலும் அப்படியே. மாதா மாதம் அடிவயிறு வலிக்கிறது, உதிரம் மட்டும் வரவில்லை என்றால் உள்ளே வழி அடைபட்டிருக்கலாம். அதைத் தள்ளிப்போடக் கூடாது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு மறுபடி ஆட்டம் தொடங்கும். முதலில் இடைவெளி ஒரு வாரம் முன்பின்னாகும், பிறகு இரண்டு மாதம் வராமல் இருந்து ஒரு நாள் வரும். தொடர்ந்து 12 மாதம் வராமல் இருந்தால்தான் நின்றுவிட்டது என்று கணக்கு. அதுவரை கருத்தரிக்க வாய்ப்பு உண்டு. 40 வயதுக்கு முன்பே நின்றுபோனால் அதை "சீக்கிரம் நின்னுருச்சு, நிம்மதி" என்று விட்டுவிடக் கூடாது. எலும்புக்கும் இதயத்துக்கும் ஹார்மோன் தேவைப்படும் வயது அது.

ஒரு விஷயத்தில் மட்டும் எந்தச் சலுகையும் கிடையாது. நின்று ஒரு வருடம் ஆன பிறகு ஒரு சொட்டு கறை பட்டாலும் டாக்டரிடம் போக வேண்டும். "பேத்தி சடங்குக்கு அலைஞ்ச அலைச்சல்ல பட்டுருச்சு" என்று அப்பத்தா சொல்லக்கூடும். பெரும்பாலும் காரணம் சாதாரணமாகத்தான் இருக்கும். ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோய் ஆரம்பத்திலேயே காட்டும் அடையாளமும் இதுதான், ஆரம்பத்தில் பிடித்தால் குணப்படுத்த முடிகிற நோய் அது.

மூன்றாம் படி: எவ்வளவு போகிறது?

ஒரு மாதவிடாயில் போகும் இரத்தம் சராசரியாக 30 முதல் 40 மில்லிதான். 80 மில்லியைத் தாண்டினால் அதிகம். யாரும் அளந்து பார்க்கப்போவதில்லை, அதனால் வேறு அடையாளங்களைப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைகிறதா? பத்து ரூபாய்க் காசு அளவுக்கோ அதைவிடப் பெரிதாகவோ கட்டி விழுகிறதா? இரவில் நாப்கின் மாற்றவே எழ வேண்டியிருக்கிறதா? துணி வைப்பவர்கள் ஒரு நாளைக்கு எத்தனை முறை அலசுகிறோம் என்று எண்ணிப் பார்க்கலாம்.

நம் ஊர்ப் பெண்கள் இதைச் சகித்துக்கொள்வதில் கெட்டிக்காரர்கள். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவதை வயது என்பார்கள், தலைமுடி கொட்டுவதைத் தண்ணீர் என்பார்கள். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேலானோருக்கு இரத்தசோகை இருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழே போனால் இரத்தசோகை. அதிகப் போக்கு அதன் முக்கியக் காரணங்களில் ஒன்று. பெரியமனுஷியான முதல் மாதத்திலிருந்தே கட்டுக்கடங்காமல் போகும் பிள்ளைகளுக்கு இரத்தம் உறைவதில் பிறவிக் குறை இருக்கலாம். பல் பிடுங்கினால் நிற்காமல் வடிந்ததா, அடிக்கடி மூக்கில் இரத்தம் வருமா, குடும்பத்தில் யாருக்காவது அப்படி உண்டா என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

நான்காம் படி: கர்ப்பமா என்று முதலில் பாருங்கள்

நாள் தள்ளிப்போனால் மற்ற எதையும் யோசிக்கும் முன் இதைத்தான் பார்க்க வேண்டும். "வாய்ப்பே இல்லை, அவுக சிங்கப்பூர்ல இருக்காக" என்பவர்கள் அவர் லீவில் வந்துபோன மாதத்தையும் கணக்கில் சேர்க்கவும். குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்தவர்களுக்கும் அரிதாகக் கரு தங்குவது உண்டு.

மருந்துக்கடையில் சோதனை அட்டை வாங்கி, காலையில் முதல் சிறுநீரில் பாருங்கள். கிராம சுகாதார செவிலியரிடமும் கேட்கலாம். வர வேண்டிய நாள் எது என்றே தெரியாத அளவுக்கு ஒழுங்கில்லாதவர்கள், கடைசியாகச் சேர்ந்திருந்த நாளிலிருந்து 21 நாள் கழித்துப் பார்த்தால் முடிவு நம்பகமாக இருக்கும். இல்லை என்று காட்டியும் வரவில்லை என்றால் ஒரு வாரம் கழித்து மறுபடி பாருங்கள்.

அதற்கு முன் பப்பாளிக்காய், அன்னாசி, எள்ளு உருண்டை என்று இறங்க வேண்டாம். எள்ளு உருண்டையைத் தின்பண்டமாகத் தின்பதில் தப்பில்லை. 'வரவைக்க' என்று கைப்பிடி கைப்பிடியாகத் தின்று இரண்டு வாரத்தைக் கடத்துவதுதான் தப்பு.

ஐந்தாம் படி: காரணத்தைத் தேடுங்கள்

"அப்பத்தா, ரெண்டு மாசமா வரலை."
"சூடுடி அது. வெந்தயத்தை ஊறப்போட்டுக் குடி, ஞாயித்துக்கிழமை எண்ணெய் தேச்சுக்க."

வெந்தயமும் எண்ணெய்க் குளியலும் கெடுதல் செய்யாது. ஆனால் எல்லாவற்றையும் சூட்டில் போட்டு மூடிவிட்டால் உண்மையான காரணம் அடியில் கிடக்கும்.

இளம் பெண்களிடம் அதிகம் காணப்படுவது பிசிஓஎஸ், நம் ஊர்ப் பேச்சில் 'நீர்க்கட்டி'. அந்தப் பேரைக் கேட்டதும் கட்டியை அறுத்து எடுக்க வேண்டுமோ என்று வீடே கலங்கும். ஸ்கேனில் சின்னச் சின்னதாகத் தெரிபவை முட்டை முதிராமல் நின்றுபோன பைகள்தான், அறுப்பதற்கு அங்கே ஒன்றுமில்லை. மாதவிடாய் ஒழுங்கில்லாமை, ஆண் ஹார்மோன் கூடியதற்கான அடையாளம் (முகத்தில் முடி, விடாத பரு அல்லது இரத்தப் பரிசோதனையில் தெரிவது), ஸ்கேனில் தெரியும் மாற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருந்து, வேறு காரணம் இல்லை என்று உறுதியானால்தான் பிசிஓஎஸ் என்பார்கள். ஸ்கேனை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. வயதுக்கு வந்து எட்டு வருடத்துக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்தத் தோற்றம் இயல்பாகவே இருக்கும் என்பதால், அவர்களுக்கு ஸ்கேனை வைத்து பிசிஓஎஸ் என்று சொல்வதே கூடாது என்பது இன்றைய வழிகாட்டுதல்.

சரி, வராவிட்டால் என்ன, தொல்லை விட்டது என்று சில கல்லூரிப் பிள்ளைகள் நினைக்கிறார்கள். முட்டை வெளியேறாத மாதங்களில் கர்ப்பப்பையின் உள்சவ்வு கலையாமல் தடித்துக்கொண்டே போகும். வருடக்கணக்கில் அப்படியே விட்டால் பின்னால் அது புற்றுநோயாக மாறும் ஆபத்து கூடும். அதனால்தான் மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வரும்படி டாக்டர்கள் மாத்திரை கொடுக்கிறார்கள். சர்க்கரை நோய்க்கும் பிசிஓஎஸ்ஸுக்கும் நெருங்கிய உறவு உண்டு, ஆகவே சர்க்கரையையும் பார்த்துவிட வேண்டும். எடை கூடுதலாக இருப்பவர்கள் 5 முதல் 10 சதவீதம் குறைத்தாலே பலருக்குத் தானாக வர ஆரம்பிக்கும். 70 கிலோ இருந்தால் மூன்றரைக் கிலோவிலிருந்தே பலன் தெரியலாம்.

அடுத்து தைராய்டு. குறைவாகச் சுரந்தால் போக்கு அதிகமாகலாம், கூடுதலாகச் சுரந்தால் குறையலாம் அல்லது நின்றுபோகலாம். பால் கொடுக்காத நேரத்தில் மார்பில் பால் கசிந்தால், பால் சுரக்கவைக்கும் ஹார்மோனான புரோலாக்டின் கூடியிருக்கலாம். அதோடு தலைவலியும் பார்வை மங்கலும் சேர்ந்தால் சீக்கிரம் காட்ட வேண்டும். முப்பதைத் தாண்டியவர்களுக்கு நாள் சரியாக வந்து போக்கு மட்டும் அதிகமானால் நார்க்கட்டி, சதை வளர்ச்சி, கர்ப்பப்பைச் சுவர் தடிப்பு ஆகியவற்றைத் தேடுவார்கள். திடீரென்று எடை குறைவது, பட்டினி, பரீட்சைப் பயம், வீட்டில் ஒரு சாவு ஆகியவையும் ஒன்றிரண்டு சுழற்சியைக் குலைக்கும். குழந்தைக்குப் பால் கொடுக்கும் மாதங்களில் வராமல் இருப்பது இயல்பு.

மாத்திரைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். முத்துமாரியம்மன் கோயில் பால்குடம், பழனிப் பாதயாத்திரை, வீட்டில் படைப்பு, பங்காளி வீட்டுக் கல்யாணம் என்று ஏதாவது வந்தால் தள்ளிப்போடுகிற மாத்திரைக்கு மருந்துக்கடைக்கு ஆள் போகும். சீட்டுக் கேட்காமலே கொடுக்கிற கடைகளும் உண்டு. அது நோரெதிஸ்டிரோன் என்ற ஹார்மோன். வர வேண்டிய தேதிக்கு மூன்று நாள் முன்பே தொடங்குவார்கள், நிறுத்திய இரண்டு மூன்று நாளில் வந்துவிடும். டாக்டர் சொல்லி எப்போதாவது ஒரு முறை எடுப்பதில் பெரிய பயம் இல்லை. ஆனால் காலில் இரத்தக்கட்டு வந்தவர்களும், கல்லீரல் நோய் உள்ளவர்களும், காரணம் தெரியாத போக்கு இருப்பவர்களும் அதைத் தொடக் கூடாது. கர்ப்பமில்லை என்று உறுதி செய்யாமலும் கூடாது. கோயிலுக்கு இரண்டு, கல்யாணத்துக்கு ஒன்று என்று வருடம் முழுக்கத் தள்ளிவிட்டு "எனக்கு ஒழுங்கா வரமாட்டேங்குது" என்றால் டாக்டர் என்ன செய்வார்? எந்த மாதம் மாத்திரை எடுத்தீர்கள் என்பதையும் அந்த நாள்காட்டியில் குறித்துவையுங்கள்.

அவசரக் கருத்தடை மாத்திரையும் அடுத்த மாதவிடாயை ஒரு வாரம் முன்பின்னாக ஆக்கும். அதற்கு மேல் தாமதமானால் சோதனை செய்து பாருங்கள். அரசு மருத்துவமனையில் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் அந்தரா கருத்தடை ஊசி, காப்பர்-டி, மனநல மருந்துகளில் சில, இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் மாத்திரை எல்லாம் போக்கை மாற்றக் கூடியவை. எதையும் நீங்களாக நிறுத்த வேண்டாம், மருந்துச் சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஆறாம் படி: எப்போது போவது?

உடனே, இரவானாலும் 108ஐக் கூப்பிட்டாவது போக வேண்டிய நிலைமைகள் சில. தொடர்ந்து இரண்டு மணி நேரம் மணிக்கு ஒரு நாப்கின் நனைவது. தலை சுற்றி மயக்கம் வருவது, நெஞ்சு படபடப்பது. கர்ப்பமாக இருந்து அல்லது இருக்கலாம் என்ற நிலையில், வயிற்றில் ஒரு பக்கம் கடும் வலியோடு உதிரம் படுவது. கூடவே தோள்பட்டை வலித்தால் கரு குழாயில் தங்கி வெடித்திருக்கலாம், உயிருக்கு ஆபத்தான நேரம் அது. காய்ச்சலும் அடிவயிற்று வலியும் நாற்றமுள்ள வெள்ளைப்படுதலும் சேர்ந்து வந்தால் அன்றைக்கே காட்டுங்கள்.

நின்ற பிறகு பட்டால், உறவுக்குப் பின் பட்டால், இரண்டு மாதவிடாய்க்கு நடுவில் திரும்பத் திரும்பப் பட்டால், ஒரு வாரத்துக்குள் காட்டுவது நல்லது. ஒழுங்காக வந்துகொண்டிருந்தவருக்கு மூன்று மாதம் நின்றுபோனாலும், முதலிலிருந்தே முன்பின்னாக வருபவருக்கு ஆறு மாதம் நின்றுபோனாலும், 8 நாளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தாலும், 24 நாளுக்கும் குறைவாக அடிக்கடி வந்தாலும் வசதியான நாளில் நேரம் வாங்கிப் போகலாம். ஆனால் போக வேண்டும். குழந்தைக்கு முயற்சி செய்பவர்கள் ஒழுங்கின்மை இருந்தால் ஒரு வருடம் காத்திருக்கத் தேவையில்லை.

"கல்யாணமானாச் சரியாயிரும்" என்று தள்ளிப்போடுவதைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. தாலிக்கும் தைராய்டுக்கும் என்ன சம்பந்தம்? "மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா?" என்ற பயத்தில் மதுரைக்குப் போய் ரகசியமாகக் காட்டுபவர்களும் உண்டு. ரகசியமாகவாவது காட்டுகிறார்களே என்று அதையும் நல்லதாகவே எடுத்துக்கொள்கிறேன். 1886இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி 1912இல் மருத்துவப் பட்டம் வாங்கிவிட்டார். அடுத்த ஊரிலிருந்து அப்படி ஒரு டாக்டர் வந்து நூறு வருடத்துக்கு மேலாகியும் நாம் பெண் டாக்டரைப் பார்க்க வெட்கப்படுகிறோம்.

ஏழாம் படி: டாக்டர் அறையில்

முதலில் பேச்சுத்தான். தேதிக் கணக்கு, மாத்திரைகள், எடை, குடும்பத்தில் சர்க்கரை, தைராய்டு. கல்யாணமாகாத பெண்ணிடமும் கர்ப்பச் சோதனை கேட்கக்கூடும். அது அவமானமில்லை, நடைமுறை. அம்மா முன்னால் சொல்ல முடியாத விஷயம் இருந்தால், "டாக்டர்கிட்ட நான் கொஞ்சம் தனியாப் பேசணும்" என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அம்மாக்களும் அந்த நேரம் வெளியே போய் ஒரு காபி குடித்துவிட்டு வரலாம்.

பிறகு ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, தேவைப்பட்டால் புரோலாக்டின் முதலிய ஹார்மோன்கள். ஸ்கேன் பெரும்பாலும் வயிற்றின் மேல் வைத்துத்தான், அதற்கு நிறையத் தண்ணீர் குடித்து மூத்திரத்தை அடக்கிக்கொண்டு போக வேண்டும். பிறப்புறுப்பு வழியாகச் செய்யும் ஸ்கேன் உங்கள் சம்மதம் கேட்டுத்தான், கல்யாணமாகாத பெண்களுக்குப் பொதுவாகத் தவிர்ப்பார்கள். 45 வயதைத் தாண்டி ஒழுங்கில்லாமல் அதிகமாகப் போனால் கர்ப்பப்பைச் சவ்வில் சிறு துணுக்கு எடுத்துப் பரிசோதிப்பார்கள். 30 வயதைக் கடந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் செய்துகொள்ளலாம். பெரிய பரிசோதனைகளுக்கு காரைக்குடி அரசு மருத்துவமனையும், சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகளும் பக்கத்திலேயே இருக்கின்றன. எங்கே போவது என்றே தெரியாவிட்டால் 104க்குப் போன் செய்து கேட்கலாம்.

சிகிச்சை காரணத்தைப் பொறுத்தது. தைராய்டுக்கு அதன் மாத்திரை. பிசிஓஎஸ்ஸுக்கு எடைக் குறைப்பு, ஹார்மோன் மாத்திரை, சிலருக்குச் சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மின். அதிகப் போக்குக்கு அந்த நாட்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம், அல்லது கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம். கருத்தடை மாத்திரை எழுதிக் கொடுத்தால் "என் மகளுக்கு எதுக்கு இது?" என்று சண்டைக்குப் போக வேண்டாம், சுழற்சியைச் சீராக்கவும் அதே மாத்திரைதான். எடுத்தவுடனே கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால், வேறு வழிகள் என்ன என்று கேளுங்கள், இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேளுங்கள்.

சாப்பாட்டைப் பொறுத்தவரை நம் அடுப்படி ஒன்றும் குறைந்ததில்லை. பருப்பு மாவும் கருப்பட்டியும் சேர்த்துக் கிண்டுகிற ஆடிக் கும்மாயமும் உளுந்தங்களியும் புரதத்துக்கு நல்லவை. ஆனால் பிசிஓஎஸ் உள்ளவர்கள் கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை மறக்க வேண்டாம், ஒரு சின்னக் கிண்ணத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு ஆட்டுச் சுவரொட்டியில் (மண்ணீரல்) இரும்புச்சத்து நிறைய. சைவத்துக்குக் கீரையும் பயறும், கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இரும்பு நன்றாக உடம்பில் சேரும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பங்கு சேராமல் போகும், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். இரும்பு மாத்திரைக்கும் இதே விதிதான். அது சாப்பிடும்போது மலம் கறுப்பாகப் போகும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் இரும்பு சேமிப்பு நிரம்ப மூன்று மாதம்போல மாத்திரையைத் தொடரச் சொல்வார்கள்.